வேலை போனால் எந்தக் கதவைத் தட்டுவது?

(தியாகி இமானுவேல் சேகரன் நினைவுச் சொற்பொழிவாக உச்சிப்புளியில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



1924 அக்டோபர் 9 அன்று செல்லூரில் பிறந்த இமானுவேல் சேகரன், 1957 செப்டம்பர் 11 இரவு பரமக்குடியில் கொல்லப்பட்டார். அதற்கு முந்தைய நாள்தான் முதுகுளத்தூரில் மாவட்ட ஆட்சியர் கூட்டிய சமாதானக் கூட்டத்தில் ஒடுக்கப்பட்ட மக்களின் பிரதிநிதியாக உட்கார்ந்து பேசியிருந்தார். அவர் பிறந்து நூறாண்டு 2024இல் நிறைந்தது. இப்படிப்பட்ட மேடையில் கவிதையைப் பற்றியும் நாவலைப் பற்றியும் பேசுவதுதான் வழக்கம். இந்த முறை மனு எழுதுவதைப் பற்றிப் பேசப்போகிறோம் என்றதும் சில தோழர்கள் சிரித்தார்கள். ஆனால் நம் தெருக்களில் கவிதையைவிடவும் கதையைவிடவும் அதிகமாக எழுதப்படுவது மனுதான். அதை ஒழுங்காக எழுதுவது எப்படி என்று ஒரு மாலை பேசினால் இலக்கியத்துக்கு ஒன்றும் குறைந்துவிடாது.

எடுத்துக்கொண்ட பொருள் இதுதான்: வேலை போனவருக்கு, அடுத்த வேலை கிடைக்கும்வரை அரசிடமிருந்து வர வேண்டிய பணம். 'அப்படி ஒன்று நம் நாட்டில் இருக்கிறதா?' என்று படித்த பிள்ளைகளே கேட்கிறார்கள். இருக்கிறது. ஒன்றுக்கு நாலு வழி இருக்கிறது. நாலும் வெவ்வேறு அலுவலகம், வெவ்வேறு சட்டம். ஆனால் எந்தக் கதவைத் தட்டினாலும் உள்ளேயிருந்து ஒரே கேள்விதான் வருகிறது: 'எழுத்தில் என்ன வைத்திருக்கிறாய்?' வேலை போனதற்குச் சான்று கேட்கிறது சட்டம். நம்மவர்களிடம் வேலை இருந்ததற்கே சான்று இல்லை. இந்த ஒரு சிக்கலைத்தான் நாம் அவிழ்க்க வேண்டியிருக்கிறது.

எது வேலை என்று யார் முடிவு செய்தது?

தென்னந்தோப்பில் காய் பொறுக்குகிறோம். கீற்று முடைகிறோம். சீமைக் கருவேலம் வெட்டிக் கரிமூட்டம் போடுகிறோம். மீன் கம்பெனியில் ஐஸ் சுமக்கிறோம், நண்டுச் சதை பிரிக்கிறோம். கட்டட வேலைக்குச் சித்தாளாகப் போகிறோம். ஒப்பந்தக்காரரிடம் துப்புரவு வேலை பார்க்கிறோம். இதில் எதற்காவது நியமனக் கடிதம் உண்டா? சம்பளச் சீட்டு உண்டா? 'நாளைக்கு வந்துரு' என்பதுதான் நியமன உத்தரவு. 'நாளைக்கு வேணாம்' என்பதுதான் பணிநீக்க உத்தரவு. இரண்டுமே வாய்ச்சொல்.

இது தற்செயலாக வந்த வழக்கம் அன்று. நம் பாட்டன் காலத்தில் ஊருக்குச் செய்த வேலைகளை எடுத்துக்கொள்ளுங்கள். துட்டிச் செய்தி சொல்வது, செத்த மாட்டை அப்புறப்படுத்துவது, பறையடிப்பது, வயலில் காவல் கிடப்பது. அதற்கெல்லாம் வேலை என்று பெயர் இல்லை, ஊழியம் என்று பெயர். களத்தில் அள்ளிப் போட்டது கூலி ஆகாது. கொடை என்றுதான் சொல்லிக்கொண்டார்கள். சாதி ஒரு மனிதனைப் பிறப்பிலேயே வேலைக்கு வைத்துவிடுவதால் அங்கே ஒப்பந்தம் தேவைப்படவில்லை. ஒப்பந்தம் இல்லாத இடத்தில் வேலைநீக்கம் என்ற சொல்லும் கிடையாது. கரிமூட்டத்துக்கு முன்பணம் வாங்கிப் போன குடும்பத்தைப் பாருங்கள். அவர்கள் அங்கிருந்து வெளியே வந்தால் 'வேலையை இழந்தவர்கள்' என்று யாரும் சொல்வதில்லை. 'கடனைக் கட்டாமல் ஓடிப்போனவர்கள்' என்றுதான் சொல்கிறார்கள். கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் 1976இல் வந்துவிட்டது. அந்தச் சட்டப்படி முன்பணக் கடன் செல்லாது. அங்கேயும்கூட மறுவாழ்வு உதவி வாங்க விடுதலைச் சான்றிதழ் என்ற காகிதம் வேண்டும்.

உலகத்தில் வேலையிழப்புக் காப்பீடு வந்த வரலாற்றைப் பார்த்தாலும் இதே கோணல் தெரியும். இங்கிலாந்தில் 1911இல் தேசியக் காப்பீட்டுச் சட்டம் வந்தபோது சில குறிப்பிட்ட தொழில்களுக்கு மட்டும் அந்தப் பாதுகாப்பைக் கொடுத்தார்கள். அமெரிக்காவில் 1935இல் சமூகப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதன் வேலையிழப்புக் காப்பீட்டில் விவசாயக் கூலிகளும் வீட்டு வேலை செய்பவர்களும் சேர்க்கப்படவில்லை. அன்றைக்குத் தென்மாநிலங்களில் கறுப்பின மக்களில் பெரும்பாலோர் பார்த்த வேலை அந்த இரண்டும்தான். சட்டத்தில் கறுப்பர் என்ற சொல் எங்கும் இல்லை. தொழிலின் பெயரைச் சொல்லியே ஆளை வெளியே நிறுத்த முடிந்தது. நம் நாட்டில் சாதியின் பெயரைச் சொல்லாமல் அதே வேலையை 'அமைப்புசாரா' என்ற சொல் செய்கிறது.

இங்கே அண்ணலைப் பற்றி ஒரு செய்தியைச் சொல்லாமல் மேலே போக முடியாது. 1942 முதல் 1946 வரை வைஸ்ராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை அம்பேத்கரிடம் இருந்தது. தொழிலாளர் மருத்துவக் காப்பீட்டுக்குத் திட்டம் தீட்டும் பொறுப்பு பேராசிரியர் அதார்க்கரிடம் ஒப்படைக்கப்பட்டதும், 1944இல் அவர் அறிக்கை கொடுத்ததும் அந்தக் காலத்தில்தான். அந்த அறிக்கையிலிருந்துதான் 1948இன் இ.எஸ்.ஐ. சட்டம் முளைத்தது. போர் முடிந்து திரும்பும் சிப்பாய்களுக்கு வேலை தேடித் தர 1945இல் ஏற்படுத்திய அமைப்புதான் பின்னால் எல்லோருக்குமான வேலைவாய்ப்பு அலுவலகங்களாக விரிந்தது. ஆக, இன்று நாம் தட்டப்போகும் கதவுகளில் இரண்டுக்கு அவர் காலத்தில் நிலை வைத்திருக்கிறார்கள். 1947இல் எழுதிய 'மாநிலங்களும் சிறுபான்மையினரும்' என்ற அறிக்கையில், பிழைப்புக்காக உரிமைகளை விட்டுக்கொடுக்கும் நிலையில் இருப்பவனுக்கு அடிப்படை உரிமைகளால் என்ன பயன் என்ற கேள்வியையும் அவர் எழுப்பினார். நம் அரசமைப்பின் 41ஆம் பிரிவு வேலையின்மைக் காலத்தில் அரசு உதவி பெறுவதைப் பற்றிப் பேசுகிறது. ஆனால் அது வழிகாட்டு நெறிகளில் இருக்கிறது. 37ஆம் பிரிவின்படி அதை வைத்து நேராக நீதிமன்றம் போக முடியாது. அதனால்தான் தனித்தனிச் சட்டங்களைத் தேடிப் போக வேண்டியிருக்கிறது.

முதல் கதவு: இ.எஸ்.ஐ.

'இ.எஸ்.ஐ. என்றால் ஆஸ்பத்திரிதானே' என்பீர்கள். அதில் வேலையிழப்புக்கும் பணம் உண்டு. பத்துப் பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் நிறுவனத்தில், மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்குபவர்களுக்கு இது பொருந்தும். 2019 ஜூலையிலிருந்து தொழிலாளி 0.75 விழுக்காடு, முதலாளி 3.25 விழுக்காடு கட்ட வேண்டும். திருப்பூர், கோவை என்று பனியன் கம்பெனிக்கும் மில்லுக்கும் போய்த் திரும்பும் நம் பிள்ளைகள் பலருக்கு இ.எஸ்.ஐ. எண் இருக்கிறது. இருப்பதே அவர்களுக்குத் தெரியாது.

இதில் இரண்டு திட்டங்கள். 2005இல் வந்த ராஜீவ் காந்தி ஷ்ரமிக் கல்யாண் யோஜனா ஒன்று. ஆலை மூடப்பட்டாலோ, சட்டப்படி ஆட்குறைப்பு செய்யப்பட்டாலோ, வேலைக்கு வெளியே ஏற்பட்ட காயத்தால் 40 விழுக்காட்டுக்குக் குறையாத நிரந்தர ஊனம் வந்து வேலை போனாலோ, இரண்டு ஆண்டு வரை உதவித்தொகை கிடைக்கும். முதல் ஆண்டு சம்பளத்தில் பாதி, இரண்டாம் ஆண்டு கால் பங்கு.

இரண்டாவது, 2018 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள அடல் பீமித் வியக்தி கல்யாண் யோஜனா. சாதாரணமாக வேலை போனவருக்கு உதவக்கூடியது இதுதான். தொடக்கத்தில் சராசரி நாள் சம்பளத்தில் கால் பங்கு கொடுத்தார்கள். கொரோனா ஊரடங்கில் கோடிக்கணக்கானோர் நடுத்தெருவுக்கு வந்த பிறகு 2020இல் அதைப் பாதியாக உயர்த்தினார்கள். அந்தச் சலுகை அவ்வப்போது நீட்டிக்கப்பட்டு வருகிறது. வாழ்நாளில் மொத்தம் 90 நாளுக்கு மட்டும்தான் கிடைக்கும். மாதம் 12,000 வாங்கியவர் என்றால் நாளுக்கு ஏறத்தாழ 200 ரூபாய் வீதம் 90 நாளுக்கு 18,000 ரூபாய்.

தகுதி என்ன? வேலை போவதற்கு முன் குறைந்தது இரண்டு ஆண்டு காப்பீட்டில் இருந்திருக்க வேண்டும். வேலை போவதற்கு முந்தைய ஆறு மாதப் பங்களிப்புக் காலத்தில் குறைந்தது 78 நாளுக்குச் சந்தா கட்டியிருக்க வேண்டும். அதற்கு முந்தைய மூன்று காலங்களில் ஏதாவது ஒன்றிலும் அதேபோல 78 நாள் இருக்க வேண்டும். ஒழுங்கீனத்துக்காக நீக்கப்பட்டவருக்கும் விருப்ப ஓய்வில் போனவருக்கும் கிடையாது. வேலை போய் 30 நாள் ஆனதும் விண்ணப்பிக்கலாம். முதலாளியின் கையெழுத்துக்காக அலைய வேண்டியதில்லை; 2020இலேயே அந்தத் தேவையை நீக்கிவிட்டார்கள். இணையத்தில் விண்ணப்பத்தை நிரப்பி, அச்செடுத்து, ஆதார் நகலும் வங்கிப் புத்தக நகலும் சேர்த்து இ.எஸ்.ஐ. கிளை அலுவலகத்தில் கொடுத்தால் போதும்.

சிக்கல் எங்கே வருகிறது? நீங்கள் எதனால் நின்றீர்கள் என்று நிறுவனம் கணினியில் ஒரு காரணத்தைப் பதிவு செய்கிறது. 'ஆள் வேண்டாம்' என்று அவர்களே நிறுத்தியிருப்பார்கள். ஆனால் 'தானாக வேலையை விட்டார்' என்று பதிந்துவிடுவார்கள். வேலைக்குச் சேரும் அன்றைக்கே வெற்றுத்தாளில் கையெழுத்து வாங்கி வைத்துக்கொள்ளும் பழக்கமும் இருக்கிறது. அந்தத் தாள் பின்னாளில் ராஜினாமாக் கடிதமாக மாறும். ஆகவே வெற்றுத்தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். நிறுத்தப்பட்ட அன்றைக்கே, 'இன்ன தேதியில் இன்னார் என்னை வேலைக்கு வர வேண்டாம் என்று சொன்னார்' என்று ஒரு கடிதம் எழுதி நிறுவனத்துக்கு விரைவுத் தபாலில் அனுப்புங்கள். நகலை வைத்துக்கொள்ளுங்கள்.

ஒப்பந்தக்காரரிடம் வேலை பார்க்கும் தோழர்களுக்கு ஒரு சேதி. 'கான்ட்ராக்ட் ஆளுக்கு இ.எஸ்.ஐ. கிடையாது' என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். சட்டப்படி, ஒப்பந்தக்காரர் மூலம் வந்த தொழிலாளிக்கும் முதலில் சந்தா கட்ட வேண்டிய பொறுப்பு முதன்மை வேலையளிப்பவருடையது. யாருடைய இடத்தில் வேலை நடக்கிறதோ அவர்தான் பதில் சொல்ல வேண்டும்.

இரண்டாம் கதவு: இழப்பீடும் சேமிப்பும்

2025 நவம்பர் வரை நடப்பில் இருந்த 1947இன் தொழிற்தகராறுச் சட்டத்தில் ஆட்குறைப்புக்கு ஒரு விலை இருந்தது. பன்னிரண்டு மாதத்தில் 240 நாள் வேலை பார்த்தவரை நிறுத்த வேண்டுமானால், ஒரு மாத முன்னறிவிப்போ அதற்கு ஈடான சம்பளமோ கொடுக்க வேண்டியிருந்தது. அதோடு, பணி முடித்த ஒவ்வோர் ஆண்டுக்கும் 15 நாள் சராசரிச் சம்பளம் இழப்பீடு. கொடுக்காமல் நிறுத்தினால் தொழிலாளர் துறையின் சமரச அலுவலரிடம் தனி ஆளாகவே புகார் கொடுக்கலாம். சங்கம் இருந்தாக வேண்டும் என்பதில்லை. அந்தச் சட்டத்தின்படி 45 நாளில் முடிவு வரவில்லையென்றால் நேராகத் தொழிலாளர் நீதிமன்றம் போக முடிந்தது. ஆனால் நிறுத்தப்பட்ட நாளிலிருந்து மூன்று ஆண்டுக்குள் போய்விட வேண்டியிருந்தது.

நீதிமன்றத்தில் 240 நாள் வேலை பார்த்ததை மெய்ப்பிக்க வேண்டிய சுமை தொழிலாளி தலையில்தான் விழுகிறது. வருகைப் பதிவேடு முதலாளி கையில் இருக்கிறது. நம் கையில் என்ன இருக்கிறது? வங்கியில் சம்பளம் ஏறிய வரி, மேஸ்திரி வாட்ஸ்அப்பில் 'நாளைக்கு ஏழு மணிக்கு வா' என்று அனுப்பிய செய்தி, அடையாள அட்டை, சீருடையோடு எடுத்த படம். இவையெல்லாம் சான்றுகள்தான். அழித்துவிடாதீர்கள்.

வருங்கால வைப்பு நிதியைப் பற்றியும் ஒரு தெளிவு வேண்டும். வேலை போனால் அதிலிருந்து பணம் எடுக்கலாம். ஆனால் அது அரசு கொடுக்கும் உதவி கிடையாது. நம் சம்பளத்தில் பிடித்ததும் நம் பேரில் முதலாளி கட்டியதும்தான் அது. வேலையில்லாத காலத்தை நம் முதுமையிலிருந்து கடன் வாங்கி ஓட்டுகிறோம் என்பதை மறக்கக் கூடாது.

மூன்றாம் கதவு: வேலைவாய்ப்பு அலுவலகம்

தமிழ்நாடு அரசின் வேலைவாய்ப்பற்றோர் உதவித்தொகை பற்றிப் பலருக்குத் தெரியும். இது வேலை போனவருக்கானதைவிட, வேலையே கிடைக்காதவருக்கானது. பத்தாம் வகுப்பில் தோற்றவருக்கு மாதம் 200 ரூபாய், தேறியவருக்கு 300, பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவருக்கு 400, பட்டதாரிக்கு 600. மூன்று ஆண்டுக்குக் கிடைக்கும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை வங்கிக் கணக்கில் வரும். மாற்றுத்திறனாளிகளுக்குத் தொகை கூடுதல். பட்டதாரி என்றால் மாதம் 1,000.

பதிவு செய்து ஐந்து ஆண்டு முடிந்திருக்க வேண்டும். மாற்றுத்திறனாளிகளுக்கு ஓராண்டு போதும். மூன்று ஆண்டுக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பித்திருக்க வேண்டும். குடும்ப வருமானம் ஆண்டுக்கு 72,000 ரூபாய்க்கு மேல் போகக் கூடாது. வயது வரம்பு பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் 45, மற்றவர்களுக்கு 40. பொறியியல், மருத்துவம், சட்டம் போன்ற தொழிற்பட்டம் படித்தவர்களுக்கு இல்லை. பணம் வரத் தொடங்கிய பிறகு ஆண்டுதோறும் சுய உறுதிமொழி கொடுக்க வேண்டும். அதைக் கொடுக்க மறந்து பணம் நின்றுபோனவர்கள் நம் ஊர்களில் இருக்கிறார்கள்.

பட்டதாரிக்கு மாதம் 600 ரூபாய். 2024-25இல் தமிழ்நாட்டில் நூறு நாள் வேலையின் ஒரு நாள் கூலி 319 ரூபாய். ஒரு மாத உதவித்தொகை இரண்டு நாள் கூலிக்குக்கூட வராது. முதல் தலைமுறையாகப் பட்டம் வாங்கிய நம் பெண் பிள்ளையின் ஒரு மாதத்துக்கு இந்த விலைதான் போட்டிருக்கிறார்கள். அதற்காக விண்ணப்பிக்காமல் இருக்கச் சொல்லவில்லை. மூன்று ஆண்டில் 21,600 ரூபாய். தேர்வுக் கட்டணத்துக்கும் பேருந்துக்கும் ஆகும். ராமநாதபுரம் மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்தில் விண்ணப்பம் இலவசம். வருமானத்துக்கு வருவாய்த் துறையின் கையொப்பம் வேண்டும், அவ்வளவுதான். வாங்கிக்கொண்டே 'போதாது' என்று பேசுவோம்.

நாலாம் கதவு: நம் வாசலிலேயே இருப்பது

இப்போது சொல்லப்போவதுதான் இந்த உரையின் மையம். மேலே சொன்ன மூன்றும் நகரத்து வேலைக்கும் பள்ளிச் சான்றிதழுக்கும் பொருந்துபவை. தோப்பு வேலையும் சித்தாள் வேலையும் இல்லாத மாதத்தில் உச்சிப்புளிக்காரருக்கு இருப்பது நூறு நாள் வேலை. 2005இல் வந்த சட்டம் நம் மாவட்டத்துக்கு 2008 ஏப்ரலில் வந்தது. ஊரணி வெட்டினோம், வரத்துக்கால் தூர்த்ததைத் தோண்டினோம். கூலி தெரியும், வேலை அட்டை தெரியும். அந்தச் சட்டத்தின் 7ஆம் பிரிவு எத்தனை பேருக்குத் தெரியும்?

வேலை கேட்டு 15 நாளுக்குள் வேலை கொடுக்கவில்லை என்றால், வேலையின்மைப் படி கொடுத்தாக வேண்டும் என்கிறது அந்தப் பிரிவு. முதல் 30 நாளுக்குக் கூலியில் கால் பங்குக்குக் குறையாமல். அதற்குப் பிறகு அந்த நிதியாண்டு முடியும்வரை பாதிக்குக் குறையாமல். 319 ரூபாய்க்குக் கால் பங்கு என்றால் 79 ரூபாய் 75 காசு, பாதி என்றால் 159 ரூபாய் 50 காசு. ஒரு குடும்பம் அறுபது நாள் வேலை கேட்டு எழுதிக் கொடுத்தது, அறுபது நாளும் வேலை வரவில்லை என்று வைத்துக்கொள்வோம். முதல் முப்பது நாளுக்கு 2,392 ரூபாய் 50 காசு. அடுத்த முப்பது நாளுக்கு 4,785 ரூபாய். மொத்தம் 7,177 ரூபாய் 50 காசு. சேர வேண்டிய நாளிலிருந்து 15 நாளுக்குள் கொடுத்துவிட வேண்டும் என்றும் சட்டம் சொல்கிறது. கொடுக்க முடியாவிட்டால் அதிகாரி காரணத்தை எழுதி மேலே அனுப்ப வேண்டும், அறிவிப்புப் பலகையிலும் ஒட்ட வேண்டும்.

வரம்புகளும் உண்டு. நூறு நாள் வேலை முடிந்துவிட்டால் படி கிடையாது. கூலியும் படியும் சேர்ந்து நூறு நாள் கூலியை எட்டினாலும் நின்றுவிடும். வேலைக்கு அழைத்தும் போகாமல் இருந்தால் மூன்று மாதத்துக்கு உரிமை போய்விடும்.

இவ்வளவு தெளிவாக இருந்தும் நம் ஊராட்சிகளில் இந்தப் படியை வாங்கிய ஒருவரைக்கூட நாங்கள் இதுவரை சந்தித்ததில்லை. காரணம் என்ன? சட்டத்தில் கூலிக்கான பணம் ஒன்றிய அரசுடையது. வேலையின்மைப் படி மட்டும் மாநில அரசு தன் கையிலிருந்து கொடுக்க வேண்டியது. அந்தச் செலவு வராமல் இருக்க எளிய வழி, யாரும் வேலை கேட்டதாகவே கணக்கில் காட்டாமல் இருப்பது. வேலை தொடங்கும் நாளை ஒட்டியே கேட்ட தேதியையும் கணினியில் ஏற்றும் பழக்கம் நாட்டின் பல பகுதிகளில் இருக்கிறது. அந்தக் கணக்கில் எவரும் 15 நாள் காத்திருந்ததே கிடையாது.

நாமும் நம் பங்குக்கு அதற்கு உதவுகிறோம். எப்படிக் கேட்கிறோம்? வழியில் பார்க்கும்போது, தோள் துண்டை இறக்கிவிட்டு, 'அண்ணே, வேலை எப்பப் போடுவீங்க?' என்கிறோம். 'வந்தா சொல்லிவிடுறேன் ஆத்தா, போ' என்று பதில் வருகிறது. திரும்பிவிடுகிறோம். நாம் கேட்டோம், உண்மைதான். கேட்டது காற்றில் போய்விட்டது. சட்டம் வாய்மொழியாகவும் கேட்கலாம் என்கிறது, ஆனால் அப்படிக் கேட்டாலும் தேதி போட்ட ஒப்புகைச் சீட்டு கொடுக்க வேண்டும் என்கிறது. 7ஆம் பிரிவின் 15 நாள் ஓடத் தொடங்குவது அந்தச் சீட்டின் தேதியிலிருந்துதான். சீட்டு இல்லையென்றால் கடிகாரமே ஓடாது.

ஆகவே செய்ய வேண்டியது இது. ஒரு முழுத்தாள் எடுங்கள். பெறுநர் இடத்தில் ஊராட்சி மன்றத் தலைவர் அல்லது மண்டபம் ஊராட்சி ஒன்றியத்தின் வட்டார வளர்ச்சி அலுவலர் என்று எழுதுங்கள். பெயர், வேலை அட்டை எண், எந்தத் தேதியிலிருந்து எத்தனை நாள் வேலை வேண்டும் என்று எழுதுங்கள். குறைந்தது 14 நாள் தொடர்ச்சியாகக் கேட்க வேண்டும். பத்துப் பதினைந்து பேர் சேர்ந்து ஒரே மனுவாகவும் கொடுக்கலாம், அதுதான் நல்லது. இரண்டு படி எடுத்து, ஒன்றில் தேதி, கையெழுத்து, முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். வாங்க மறுத்தால் ஒப்புகையோடு விரைவுத் தபாலில் அனுப்புங்கள். அந்த ஒப்புகையும் ஒரு சான்றுதான். பதினாறாவது நாள் இரண்டாவது மனு: 'இன்ன தேதியில் கேட்டோம், வேலை வரவில்லை, 7ஆம் பிரிவின்படி படி தருக.' பதில் இல்லையென்றால் ஒன்றிய அலுவலகத்தில் புகார். அதைப் பதிவேட்டில் ஏற்றி ஏழு நாளில் தீர்க்க வேண்டும். அதற்கு மேல் மாவட்டக் குறைதீர்ப்பாளரும், ஆட்சியர் அலுவலகத்தின் திங்கள்கிழமைக் குறைதீர் கூட்டமும் இருக்கின்றன.

இன்னொன்றையும் பார்த்துக்கொள்ளுங்கள். 2024 ஜனவரியிலிருந்து ஆதார் வழியாகத்தான் பணம் வருகிறது. வேலை அட்டையில் 'முனியம்மாள்' என்றும் ஆதாரில் 'முனியம்மா' என்றும் இருந்தாலே பணம் நிற்கலாம். மனு எழுதுவதற்கு முன் வேலை அட்டை, ஆதார், வங்கிப் புத்தகம் மூன்றிலும் பெயர் ஒன்றாக இருக்கிறதா என்று பிள்ளைகளை விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

ரசீது கேட்பது சிறிய விஷயமாகத் தெரியலாம். நம் ஊர் நிலையில் அது சிறியது இல்லை. தெருவில் நின்று கேட்பவர் தயவு கேட்கிறார்; கொடுப்பதும் மறுப்பதும் எதிராளியின் மனசு. எழுதிக் கொடுத்துக் கையெழுத்து வாங்குபவர் அந்த உறவையே மாற்றுகிறார். அதனால்தான் 'இவளுக்கு இவ்வளவு தைரியம் எங்கிருந்து வந்தது' என்ற முகச்சுளிப்பு வருகிறது. தோப்பு வேலைக்கு இனி கூப்பிட மாட்டோம் என்ற மிரட்டலும் வரும். ஒருவராகப் போகாமல் பத்துப் பேராகப் போகச் சொல்வது இதற்காகத்தான்.

கொடுக்க முடியாததா?

'கூலிக்காரனுக்கு வேலையில்லாக் காலத்தில் பணம் கொடுத்தால் அரசு தாங்குமா?' என்று கேட்பவர்களுக்கு நம் கடற்கரையே பதில் சொல்கிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் கிழக்குக் கடலில் மீன்பிடித் தடைக்காலம். அந்த நாட்களுக்காகக் கடல் மீனவர் குடும்பங்களுக்குத் தமிழ்நாடு அரசு நிவாரணம் கொடுக்கிறது. 5,000 ரூபாயாக இருந்ததை 8,000 ஆக்குவதாக 2023 ஆகஸ்டில் இதே மண்டபத்தில் நடந்த மீனவர் மாநாட்டில் முதலமைச்சர் அறிவித்தார். உப்பளத் தொழிலாளர் குடும்பங்களுக்கு மழைக்காலத்தில் 5,000 ரூபாய் கொடுக்கும் திட்டம் 2022இல் வந்தது. இரண்டும் போராடிப் பெற்ற உரிமைகள். நாம் அவற்றை வரவேற்கிறோம்.

ஆனால் படகு கரையேறி நிற்கும் அதே 61 நாளில் ஐஸ் உடைப்பவருக்கும் கூடை சுமப்பவருக்கும் கருவாடு காயப்போடும் பெண்ணுக்கும் வேலை இல்லையே. மீன்வளத் துறையின் கணக்கில் மீனவராக இல்லாததால் அவர்களுக்கு எதுவும் வராது. கட்டடத் தொழிலாளர் நல வாரியம் 1994 முதல் இருக்கிறது. கல்வி உதவி, விபத்து உதவி, ஓய்வூதியம் எல்லாம் தருகிறது. வேலையில்லாக் காலத்துக்கென்று எதுவும் அதில் இல்லை. 2020 ஊரடங்கில் வாரிய உறுப்பினர்களுக்கு அரசு ரொக்க உதவி கொடுத்தது. அப்போதும் அட்டை இருந்தவர்கள் வாங்கினார்கள், பதிவு செய்யாத சித்தாள்கள் வெறுங்கையோடு நின்றார்கள். ஆக, பருவ வேலையிழப்புக்கு ஈடு கொடுக்க முடியும் என்பதை அரசே செய்து காட்டியிருக்கிறது. யாரை உழைப்பவராக எண்ணிக் கணக்கில் ஏற்றுகிறது என்பதுதான் கேள்வி.

இதிலிருந்து நம் கோரிக்கைகள் மூன்று. மீன்பிடித் தடைக்கால நிவாரணம் கரையில் கூலி வேலை செய்யும் எல்லாக் குடும்பங்களுக்கும் விரிய வேண்டும். நல வாரியங்களில் வேலையின்மைக் கால உதவியைச் சேர்க்க வேண்டும். நூறு நாள் வேலை கேட்ட தேதியை ஒவ்வோர் ஊராட்சியும் பலகையில் எழுதிப் போட வேண்டும்.

கோரிக்கை நிறைவேறும்வரை நம் கையில் இருப்பதைச் செய்வோம். வாசகர் வட்டம் நடத்தும் ஒவ்வோர் ஊரிலும் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மனு எழுதும் நாளாக இருக்கட்டும். கல்லூரிப் பிள்ளைகள் எழுதட்டும், பெரியவர்கள் சொல்லட்டும். வீட்டில் ஒரு பிளாஸ்டிக் உறை வைத்து வேலை அட்டை, வாரிய அட்டை, இ.எஸ்.ஐ. எண், ரசீதுகள் எல்லாவற்றையும் அதில் போட்டு வையுங்கள். ஓலைக் கூரையில் செருகி வைத்த காகிதம் மழைக்கு நிற்காது. தினமும் எங்கே வேலை, எவ்வளவு கூலி என்று ஒரு நாற்பது பக்க நோட்டில் எழுதி வாருங்கள். நாளைக்கு அதுவும் சாட்சி சொல்லும்.

அடுத்த கிராம சபை வருகிறது. மற்ற ஊர்களின் கதையை விடுங்கள். நம் ஊராட்சியில் இந்த ஆண்டு எத்தனை பேர் வேலை கேட்டார்கள், எத்தனை பேருக்கு ஒப்புகைச் சீட்டு கொடுக்கப்பட்டது, எத்தனை நாள் கழித்து வேலை வந்தது என்று மூன்றே கேள்வி கேட்போம். பதிலைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்வோம். எழுதியதைப் படித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுவோம்.